புது ஆல்பம் வருது, எந்த கவரை வாங்கறது? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல பாட்டு ஆல்பம் வாங்கினது பத்திதான், அதுவும் கன்ட்ரி-பாப் (அமெரிக்க நாட்டுப்புற இசையும் பாப்பும் கலந்தது) காதல் பாட்டு. அதனால மிக்சி, வாஷிங் மெஷின் கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, மனுசியின்ர பிறந்தநாளுக்கு பாடகி ஷானியா ட்வைனின்ர 'அப்!' சிடி பழசு ஒண்டு ஒன்லைன்ல எடுத்தனான். உள்ளுக்க ரெண்டு டிஸ்க். ஒண்டு சரி. மற்றதில அதே பாட்டுகள்தான், ஆனா பின்னால ஹிந்திப்பட மியூசிக் மாதிரிக் கேக்குது. அவ சின்னனில கேட்டது பிடில் வாற பாட்டு எண்டு சொல்லுறா. ஏமாத்திப்போட்டாங்களோ? – ஸ்கார்பரோ வாசகர்

பதில்: டூப்ளிகேட் இல்ல தம்பி, பயப்படாதீங்க. 2002 நவம்பர்ல அந்த ஆல்பம் வந்தப்பவே அப்படித்தான் வந்துச்சு. 19 பாட்டு, ஒரே குரல், ஒரே வரி, ஆனா பின்னணி இசையை மட்டும் மூணு விதமா போட்டாங்க. சிகப்பு டிஸ்க் பாப், பச்சை டிஸ்க் கன்ட்ரி, நீலம் டிஸ்க் இந்திய வாத்தியத்தோட. நீலத்தைச் செஞ்சது இங்கிலாந்துல பர்மிங்காம் ஊர்க்காரங்களான சைமன், டயமண்ட்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர். அமெரிக்கா, கனடா கடைகளுக்கு சிகப்பும் பச்சையும் போச்சு, மத்த நாடுகளுக்கு சிகப்பும் நீலமும் போச்சு. உங்க கைக்கு வந்தது வெளிநாட்டுப் பதிப்பு. ஷானியா வளர்ந்ததே உங்க ஒன்டாரியோவுல டிமின்ஸ்ல, அங்க இருந்துக்கிட்டு வாங்கறவர் கனடா பதிப்பைத்தான் எதிர்பார்ப்பார், அது நியாயம்தான். விளம்பரத்துல கனடா பதிப்புன்னோ பச்சை டிஸ்க்குன்னோ எழுதியிருந்தா தாராளமா திருப்பி அனுப்பி காசைக் கேளுங்க. ஒண்ணுமே எழுதலன்னா வித்தவர் மேல தப்பு சொல்ல முடியாது. அடுத்த தடவை பின்னட்டை போட்டோவும் டிஸ்க் போட்டோவும் கேட்டு வாங்கிப் பார்த்துட்டு காசு குடுங்க. நீலத்தை வித்துடாதீங்க, மனைவிக்கு ரெண்டு மூணு தடவை போட்டுக் காட்டுங்க, அருமையா இருக்கும்.

கேள்வி: வீட்ல இருக்கற ஷானியாவோட பழைய 'கம் ஆன் ஓவர்' சிடியும் ஆப்ல கேக்கறதும் வேற வேற மாதிரி இருக்கு. என் காதுதான் கோளாறா?

பதில்: காது நல்லா இருக்கு. 1997ல வந்தது கன்ட்ரி வாசனையோட, அடுத்து வெளிநாட்டுக்குன்னு பிடில், ஸ்டீல் கிட்டாரைக் குறைச்சு பாப் மாதிரி மறுபடி மிக்ஸ் பண்ணி, பாட்டு வரிசையையும் மாத்தி விட்டாங்க. ஆப்ல நீங்க கேக்கறது அனேகமா அதுவா இருக்கும். பழைய சிடியைப் பத்திரமா வைங்க.

கேள்வி: எனக்கு ரொம்பப் பிடிச்ச கன்ட்ரி-பாப் பாடகியோட புது ஆல்பம் வருது. முழுக்க மனசுக்குத் தெம்பு தர்ற காதல் பாட்டுன்னு சொல்றாங்க. ஆனா நாலு கவர்ல, நாலு கலர் எல்பி இசைத்தட்டா முன்பதிவு திறந்திருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பாட்டு எக்ஸ்ட்ரா. பொண்ணு நாலும் கேக்கறா. வாங்கலாமா? – டல்லாஸ் வாசகி

பதில்: வேண்டாம். ஒண்ணு வாங்குங்க. இதுல எனக்கு ரொம்ப நாளா இருக்கற ஆத்திரத்தைச் சொல்லியே ஆகணும், கொஞ்சம் நீளமா இருந்தாலும் படிங்க.

ஒரே ஆளு நாலு கவர் வாங்கினா பில்போர்டுங்கற அமெரிக்க இசைப் பட்டியல்ல நாலு விற்பனை. நாலு கவர் போடறதுக்கு முக்கியமான காரணம் அதுதான், ரசிகர் அழகா அடுக்கி வைக்கட்டும்னு யாரும் செலவு பண்றது இல்ல. கணக்குல கூட்டிக் காட்டறது புதுசும் இல்ல, மேல சொன்ன 'அப்!' அமெரிக்காவுல 11 மடங்கு பிளாட்டினம் (ஒரு பிளாட்டினம்னா 10 லட்சம்), ஆனா ரெண்டு டிஸ்க் இருக்கற அந்தப் பெட்டியை அங்க ரெண்டா எண்ணினாங்க, அதனால கடைக்குப் போன பெட்டி சுமார் 55 லட்சம்தான். அதுலயாவது ஒரு பெட்டி காசுக்கு ரெண்டு டிஸ்க் கைக்கு வந்துச்சு, வாங்கினவங்களுக்கு நஷ்டம் இல்ல. இப்ப நடக்கறது தலைகீழ். டெய்லர் ஸ்விஃப்ட் கன்ட்ரியில ஆரம்பிச்சவங்கதான், அவங்க 2019ல விட்ட 'லவ்வர்' ஆல்பத்துக்கு அமெரிக்காவுல டார்கெட் கடையில மட்டும் நாலு டீலக்ஸ் பதிப்பு. பாட்டு எல்லாத்துலயும் அதே 18, உள்ள வச்ச பழைய டைரி பக்கம் மாறும். 2024 ஏப்ரல் 19 ராத்திரி இன்னும் மோசம். அவங்களோட 'தி டார்ச்சர்டு போயட்ஸ் டிபார்ட்மென்ட்' ஆல்பத்தை நாலு பதிப்பா, ஒவ்வொண்ணுலயும் ஒரு எக்ஸ்ட்ரா பாட்டோட முன்பதிவு பண்ண வச்சாங்க, ஆல்பம் வெளியான ரெண்டே மணி நேரத்துல அந்த நாலு பாட்டும் சேர்த்து இன்னும் 15 பாட்டை ஸ்ட்ரீமிங்ல விட்டுட்டாங்க. நாலு பதிப்புக்கும் காசு கட்டின பிள்ளைங்களுக்கு அதுல என்ன மிச்சம்? அதிகமா நேசிக்கறவங்ககிட்டதான் அதிகமா கறக்கறாங்க, சும்மா கேட்டுட்டுப் போறவனுக்கு ஒரு செலவும் இல்ல. நான் அவங்க பாட்டைக் குறை சொல்லல, பாட்டு நல்ல பாட்டு. விக்கற விதம் அநியாயம்.

பொண்ணுகிட்ட பிடிச்ச கலர் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. மீதி மூணு பாட்டுக்கும் ஒரு மாசம் பொறுங்க, பெரும்பாலும் எல்லாம் சேர்ந்த டீலக்ஸ் ஒண்ணு வந்துடும். மிச்சக் காசுல அந்தப் பாடகி ஊருக்கு வந்தா டிக்கெட் எடுத்துக் குடுங்க. 2025 மே 12ல இருந்து அமெரிக்காவுல டிக்கெட் விக்கறவங்க கட்டாயக் கட்டணம் எல்லாத்தையும் சேர்த்து முழு விலையை முதல்லயே காட்டணும்னு எஃப்டிசிங்கற அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்போட விதி இருக்கு, கடைசிப் பக்கத்துல தொகை ஏறினா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சு புகார் குடுங்க.

கேள்வி: சீல் பிரிக்காத பழைய எல்பின்னா நம்பி வாங்கலாமா?

பதில்: சீலை நம்பாதீங்க. பிளாஸ்டிக் உறை சுத்தற மெஷின் சின்னக் கடையிலயும் கிடக்கு. நானே ஒரு ஆன்லைன் கடையில 'சீல்டு, நியர் மின்ட்'னு (அதாவது கிட்டத்தட்ட புதுசுன்னு) போட்டிருந்ததை நல்ல விலை குடுத்து வாங்கினேன், பிரிச்சுப் பார்த்தா ஓரம் அப்பளம் மாதிரி நெளிஞ்சிருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் ஊசி ஏறி இறங்கி பாட்டே ஆடுது, அட்டைக்குள்ள ஈர வாடை வேற. சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாதுன்னு கடைக்காரர் கையை விரிச்சுட்டார். பிரிக்காம நெளிவு எப்படித் தெரியும்? இப்பல்லாம் பிரிச்சு, ஓட்டிப் பார்த்து, விஜி பிளஸ்னு (கொஞ்சம் பழசு, ஆனா நல்லா ஓடும்னு) நேர்மையா எழுதி விக்கறவர்கிட்டதான் வாங்கறேன். பழைய சிடின்னா அடிப்பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கம்பெனி சிடி வெள்ளி நிறத்துல இருக்கும், வீட்ல எழுதினது பச்சையோ ஊதாவோ அடிக்கும். நடு ஓட்டையைச் சுத்தி பொடி எழுத்துல நம்பர் இருக்கான்னும் பாருங்க.

கேள்வி: பாடகி கையெழுத்து போட்ட எல்பி 15 டாலர்னு விளம்பரம் வந்துச்சு, கிஃப்ட் கார்டு நம்பர் அனுப்பச் சொன்னாங்க, அனுப்பிட்டேன். இன்னும் வரல.

பதில்: வராது. கிஃப்ட் கார்டுல காசு கேட்டாலே திருட்டுன்னு எத்தனை தடவை எழுதிட்டேன்! கார்டு கம்பெனிக்கு இப்பவே போன் பண்ணி நம்பரை முடக்கச் சொல்லுங்க, ரசீது கையில இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்காக முன்பதிவு பண்ணி கிரெடிட் கார்டுல பணமும் கட்டினேன். அனுப்பறோம்னு சொன்ன தேதி எப்பவோ போயிடுச்சு, கடை மெயிலுக்குப் பதிலே இல்ல. அம்மா தினமும் கேக்கறாங்க. – எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கஷ்டமா இருக்கும்மா படிக்கவே. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அமெரிக்க விதிப்படி கடை சொன்ன தேதிக்குள்ள அனுப்பணும், தேதியே சொல்லலன்னா 30 நாள். முடியலன்னா அவங்களே உங்களைக் கேட்டு, காத்திருக்கீங்களா ரத்து பண்ணவான்னு வாய்ப்பு குடுக்கணும். ரத்துன்னு ஒரு மெயில் போடுங்க, அதோட கார்டு கம்பெனிக்கு இந்தத் தொகையை ஏத்துக்கலன்னு எழுத்துல புகார் குடுங்க. அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட்ல இருந்து 60 நாளுக்குள்ள அது போய்ச் சேரணும், அதனால இன்னைக்கே உக்காந்து எழுதுங்க. அதுவரைக்கும் அம்மாவுக்கு ஆப்ல போட்டு விடுங்க.

கேள்வி: ஆப்ல 'வாங்கு'ன்னு அழுத்தி எடுத்த ஆல்பம் என் சொத்துதானே?

பதில்: பெரும்பாலும் இல்ல, கேக்கறதுக்கான உரிமம்தான். கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரியில இருந்து அதைத் தெளிவா சொல்லாம 'வாங்கு'ன்னு பட்டன் வைக்கக் கூடாது. காப்பி லாக் இல்லாத ஃபைலா இறக்கி ஹார்ட் டிஸ்க்ல வச்சுக்க முடிஞ்சா அது கையை விட்டுப் போகாது.

கேள்வி: கன்ட்ரி-பாப்ல காதல் பாட்டு, ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்கப்போறேன். எது?

பதில்: கேசி மஸ்கிரேவ்ஸ், 'கோல்டன் ஹவர்', 2018. 13 பாட்டு, முக்கா மணி நேரம், அடுத்த வருஷம் கிராமியில வருஷத்தோட சிறந்த ஆல்பம். சாதா கறுப்பு எல்பியே போதும்.