மல்டிகாஸ்ட் மாநாட்டில் தொலைந்த பொட்டலத்தை யார் கேட்பது?

இரு கணினிகளுக்கிடையே தரவை நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை போல, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் (தரவுத் துண்டுக்கும்) வந்து சேர்ந்ததென ஒப்புதல் பெற்றால், ஒருவர் அனுப்புவதைக் குழு முழுவதும் ஒருசேரப் பெறும் மல்டிகாஸ்ட் மாநாடும் நம்பகமாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆயிரம் பேர் இணைந்த மாநாட்டில் ஒரு பொட்டலத்துக்கு ஆயிரம் ஒப்புதல்கள் திரும்பினால், அனுப்பும் கணினியே அந்த வெள்ளத்தில் திணறிவிடும். ஆகவே, இணையத்தின் மேல் அமைந்த எம்போன் என்னும் மல்டிகாஸ்ட் வலையமைப்பில் இயங்கிய 'டபிள்யூபி' என்னும் பகிர்வு வெண்பலகை மென்பொருளை ஒட்டி சாலி ஃபிளாய்ட், வான் ஜேக்கப்சன் முதலியோர் 1995இல் வெளியிட்ட எஸ்ஆர்எம் என்னும் நம்பக மல்டிகாஸ்ட் முறை, இழப்பைக் கண்டறியும் பொறுப்பைப் பெறுநரிடமே ஒப்படைத்தது. 7ஆம் பொட்டலத்துக்குப் பின் 9 வந்தால், 8 தொலைந்ததை உணரும் கணினி உடனே கேட்பதில்லை. அனுப்புநரிடமிருந்து தான் இருக்கும் தொலைவைப் பொறுத்து, தற்செயல் முறையில் தேர்ந்த ஒரு நேரம் காத்திருந்து, குழு முழுவதற்கும் கோரிக்கை விடுக்கிறது. அதற்குள் வேறொரு கணினி அதையே கேட்டுவிட்டால், தன் கோரிக்கையைத் தள்ளிவைக்கிறது. அந்தப் பொட்டலத்தை வைத்திருக்கும் எவரும், இதேபோல் காத்திருந்து, மறுபடி அனுப்பலாம். கடைசிப் பொட்டலமே தொலைந்தால் எண்ணில் இடைவெளி தெரியாது என்பதால், எதுவரை வந்து சேர்ந்தது என்பதை உறுப்பினர்கள் அவ்வப்போது அறிவிக்கிறார்கள்.

வரிசைமுறைக்கு எஸ்ஆர்எம் உறுதி தருவதில்லை. அது சரியான முடிவென்றே கருதுகிறேன். வெண்பலகைக் கோடுகள் நேரமுத்திரையுடன் வருவதால் வந்தபடியே வரையலாம். அழிக்கும் கட்டளை முந்திவிட்டால், கோடு வந்தபின் திருத்திக்கொள்ளலாம். பேச்சொலிக்கோ இந்த மீட்பு பெரும்பாலும் பயனற்றது, ஏனெனில் தாமதமாக வரும் அசையை யாரும் கேட்கப்போவதில்லை.