தண்ணி டம்ளர் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க

கேள்வி: எங்கம்மாவுக்கு 74 வயசு. ஆறு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் வரல, பேச்சும் குழறுது. நான் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை பாக்கறேன், வீட்ல பாத்துக்க வந்த ரெண்டு அட்டெண்டரும் நின்னுட்டாங்க. கோயம்புத்தூர் பக்கம் ரெண்டு ஹோம் பாத்தோம். ஒண்ணு ஹோட்டல் மாதிரி இருக்கு, ஏசி, டிவி, மாசம் 42,000. இன்னொண்ணு பழைய வீடு, பெயிண்ட் உரிஞ்சு கெடக்கு, 27,000. அங்க போனப்ப எங்கள வாங்கன்னு சொல்லக்கூட ஆளில்ல, ஒரு அக்கா யாரோ ஒரு பாட்டிக்கு சோறு ஊட்டிக்கிட்டே ‘செத்த இருங்க, முடிச்சுட்டு வர்றேன்’னு சொல்லிட்டாங்க. துபாய்ல இருக்கற தம்பி போட்டோ பாத்துட்டு முதல் இடத்துலயே சேத்துடு, காசு நான் தர்றேங்கறான். நல்லா பாத்துக்குவாங்களான்னு எதை வச்சு முடிவு பண்றது?
பேர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அம்மணி, வாடகை, ஏசி, பெயிண்ட் எல்லாத்தையும் விட என் கண்ல பட்டது அம்மாவுக்கு பேச்சு குழறுதுங்கற அந்த வார்த்தைதான். பேச முடியிறவங்கன்னா சேத்துவிட்ட நாலாம் நாளே போனப் போட்டு ‘சாம்பாரு தண்ணியா இருக்குது, கூப்ட்டா ஒருத்தியும் வர்றதில்ல’ன்னு கொட்டித் தீத்துருவாங்க, நாமளும் போய் பேசி சரி பண்ணிக்கலாம். உங்கம்மாவால அது முடியாதே. அப்ப அங்க இருக்கற கட்டிலு, டம்ளரு, அவங்க உடம்பு இதையெல்லாம் பாத்துத்தான் நாம தெரிஞ்சுக்கணும். 31 வருசம் வார்டுல நின்னவ, அந்தக் கண்ணோட சொல்றேன்.

நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா பிரசவம் பாக்கற சின்ன ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்னா எந்திரிச்சு நடமாடுறவங்க தங்குற இடம். உங்களுக்கு வேணுங்கறது ரெண்டும் இல்ல, படுக்கைல இருக்கறவங்கள வச்சுப் பாக்கற இடம். போர்டு எல்லாருமே ஒரே மாதிரிதான் போட்டுக்கறாங்க, அதனால போன உடனே ரூமக் காட்டுங்கன்னு கேக்காம, இங்க படுத்த படுக்கையா மாசக்கணக்குல இருக்கறவங்க எத்தனை பேருன்னு கேளுங்க. ஒருத்தருமே இல்லைன்னா உங்கம்மாவ வச்சுத்தான் தொழில் பழகப் போறாங்கன்னு வச்சுக்கங்க.

அப்புறம் காலைல பத்து மணிக்கு போகாதீங்க. அந்நேரம் குளிப்பாட்டி பவுடர் போட்டு எல்லாருமே பளிச்சுன்னுதான் இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு போங்க, மேனேஜர் இருக்க மாட்டாரு, பகல் ஆளுங்க கெளம்பி நைட் ஆளுங்க வர்ற நேரம். உள்ள விடமாட்டேன்னாங்கன்னா அதுவே ஒரு பதில்தான். விட்டாங்கன்னா பக்கவாதம் வந்த ஒருத்தரோட கட்டில் பக்கத்துல நின்னு அவங்க தண்ணி டம்ளர் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. வலது கை வராதவங்களுக்கு வலது பக்க ஸ்டூல்ல டம்ளர வச்சுட்டுப் போயிருப்பாங்க, காலைல ஊத்துன தண்ணி அப்படியே நிக்கும், மேல ஈ செத்துக் கெடக்கும், கேட்டா ‘தண்ணி வச்சோமே, குடிக்க மாட்டேங்கறாங்க’ம்பாங்க. டம்ளர் கை வர்ற பக்கத்துல, மூடி போட்டு, பாதி காலியா இருந்தா அந்த வீட்ல யாரோ யோசிச்சு வேலை செய்யறாங்கன்னு அர்த்தம். காலிங் பெல் சுவிட்சும் அப்படித்தான், கைக்கு எட்டாத எடத்துல சுவத்துல சுத்தி மாட்டி வச்சிருந்தா அது அலங்காரத்துக்கு.

வாசத்தப் பத்தி எல்லாரும் சொல்வாங்க. ஒரு ரூம்ல மட்டும் வந்தா தப்பு சொல்லாதீங்க, இப்பத்தான் போயிருப்பாங்க. நடைபாதை முழுக்க பழைய மூத்திர வாசம்னாதான் சந்தேகம், அதே அளவுக்கு கண்ணு எரியற பினாயில் வாசத்துக்கும் சந்தேகப்படுங்க. யூரின் பேக் மாட்டுனவங்க இருந்தா பை கட்டிலுக்கு கீழ தொங்கணும், தரைல கெடக்கக் கூடாது, படுக்கை மேல தூக்கி வச்சிருந்தா அதவிட மோசம், மூத்திரம் திரும்ப உள்ள போயி இன்பெக்ஷன் வந்துரும். கையத் துணியால கட்டிலோட கட்டி வச்சிருந்தாலோ, சாயங்காலம் டிவி முன்னாடி அத்தனை பேரும் தலை தொங்கிட்டு உக்காந்திருந்தாலோ திரும்பிப் பாக்காம வந்துருங்க. வயசானவங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல தூக்கம் வராது, மாத்திரைக்குத்தான் வரும்.

இப்ப என் கதைய சொல்லணும். எங்க மாமனார ஒரு எடத்துல சேத்தோம், பேர் வேண்டாம், நல்ல கட்டடம், ஏர் பெட் (படுக்கைப் புண்ணு வராம இருக்கப் போடற காத்து மெத்தை) எல்லாம் போட்டிருந்தாங்க. நர்ஸா இருந்துட்டு நானே அந்த ஏர் பெட்டப் பாத்து ஏமாந்துட்டேன். அஞ்சாவது வாரம் போனப்ப சாக்ஸ் போட்டுவிட்டிருந்தாங்க, இந்த வெயில்ல எதுக்கு சாக்ஸுன்னு கழட்டுனா குதிகால்ல ஒரு ரூபா காசு அளவுக்கு கருப்பா புண்ணு. ஃபைலக் கேட்டேன். ராத்திரி 10, 12, 2, 4, 6 மணிக்கு திருப்பிப் படுக்க வச்சோம்னு வரிசையா எழுதியிருக்கு, அஞ்சும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சுல எழுதுன கையெழுத்து. மறுநாள் தேதிக்கும் அன்னிக்கே எழுதி வச்சிருந்தாங்க! எனக்கு கோவத்த விட வெக்கம்தான் வந்துது.

அதனால ஏர் பெட் இருக்கான்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, அது இருந்தாலும் ஆள் வந்து திருப்பிப் போட்டாகணும், பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவைங்கறதுதான் வார்டுக் கணக்கு. சேத்த பிறகு வாராவாரம் நீங்களே வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் மூணையும் பாருங்க. செவந்த எடத்த விரலால அமுக்கி எடுத்தா வெளுத்துட்டு மறுபடி செவக்கணும், வெளுக்கலைன்னா புண்ணு உள்ள ஆரம்பிச்சாச்சு. புஸ்தகத்துல செவப்புன்னு போட்டிருக்கும், நம்ம நிறத்துக்கு அது அவ்வளவா தெரியாது, சுத்தி இருக்கற தோல விட கருத்து, தொட்டா சூடாவோ கெட்டியாவோ இருக்கும், வெளிச்சத்துல பாத்து தொட்டுப் பாருங்க.

ஆள் கணக்குக்கு வர்றேன். அமெரிக்கால நர்சிங் ஹோம்னா இந்த மாதிரி வச்சுப் பாக்கற எடம்தான், அதுக்கெல்லாம் மெடிகேர்ங்கற அரசாங்க இன்சூரன்ஸ்காரங்க 2008ல இருந்து ஒண்ணுல இருந்து அஞ்சு ஸ்டார் வரைக்கும் போடறாங்க. மொதல்ல எத்தனை நர்ஸுன்னு ஹோம்காரங்க சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டாங்க, பின்னால அது சரிப்படாம சம்பளக் கணக்க வாங்கிப் பாத்து ஸ்டார் போட ஆரம்பிச்சாங்க. அங்கயே அப்படின்னா இங்க வாய்ல சொல்றத எப்படி நம்பறது, கூகுள் ரிவ்யூல ஹோம்காரங்களோட சொந்தக்காரங்களே ஸ்டார் போட்டுக்கலாம். நீங்க போன மாச டியூட்டி சார்ட்ட காட்டச் சொல்லுங்க. ராத்திரில எத்தனை படுக்கைக்கு எத்தனை ஆள், அதுல ஜிஎன்எம்மோ (நர்சிங் டிப்ளமோ) பிஎஸ்சி நர்சிங்கோ படிச்சவங்க ஒருத்தராவது முழிச்சிருக்காங்களா? யூனிபார்ம் போட்ட எல்லாரையும் சிஸ்டர்னுதான் கூப்பிடறோம், ஆனா பத்தாவது முடிச்சுட்டு வந்த புள்ளை பிபி பாக்கலாம், பாத்து என்ன பண்றதுன்னு தெரியாது. அட்டெண்டர் புள்ளைங்ககிட்ட தனியா ‘எத்தனை வருசமா இருக்கீங்க கண்ணு’ன்னு மட்டும் கேளுங்க. எல்லாரும் மூணு மாசம், ரெண்டு மாசம்னா சம்பளமோ வேலையோ சரியில்லாம ஓடுறாங்க, உங்கம்மாவுக்கு தெனமும் புது மூஞ்சியா இருக்கும்.

சாப்பாட்டு நேரம் கட்டாயம் நின்னு பாருங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு முழுங்கறது தடுமாறும், படுக்க வச்சு ஊட்டுனா சாப்பாடு நெஞ்சுக்குள்ள எறங்கி நிமோனியால கொண்டு போய் விட்டுரும். நல்லா நிமித்தி உக்கார வச்சு, சின்னக் கரண்டில, ஒரு வாய் முழுங்குன பிறகு அடுத்த வாய், முடிச்சதும் அரை மணி நேரமாவது சாயாம வச்சிருக்கணும். இதுக்கு ஒரு ஆள் 20, 30 நிமிசம் அசையாம உக்காரணும், அதுக்கு ஆளிருக்கான்னுதான் கேள்வி. மாசாமாசம் எடை போடறாங்களான்னும் கேட்டுக்கங்க. 50 கிலோ இருந்தவங்க ஒரே மாசத்துல ரெண்டரை கிலோ எறங்குனா சும்மா விடக்கூடாது. திடீர்னு அம்மா ஆளத் தெரியாம முழிச்சாங்கன்னா ‘வயசாயிருச்சில்ல’ன்னு சொல்ற எடம் ஆகாது, யூரின் இன்பெக்ஷனா, ரத்தத்துல சோடியம்ங்கற உப்பு எறங்கிருச்சா, மறுபடி ஸ்ட்ரோக்கான்னு பாக்க அன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டு போறவங்கதான் வேணும்.

காசு விசயம் சுருக்கமா: டயப்பர், பிசியோ, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரில கூட இருக்க ஆள், இதெல்லாம் தனிக் கணக்கான்னும் டெபாசிட் எவ்வளவு திரும்பும்னும் எழுத்துல வாங்குங்க, 27,000ம் 42,000ம் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். பதிவு சர்டிபிகேட்டும் கேட்டுப் பாருங்க. ஏதாச்சும் பிரச்சனைன்னா மூத்த குடிமக்களுக்கான 14567 நம்பர் இருக்கு, காலைல எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் எடுப்பாங்க, காசில்ல.

உங்க ரெண்டு ஹோமுக்கு வருவோம். நீங்க குறையா எழுதுன விசயம் இருக்கே, வந்தவங்கள நிக்க வச்சுட்டு பாட்டிக்கு ஊட்டி முடிச்ச அந்த அக்கா, என்னைக் கேட்டா ரெண்டு எடத்துலயும் நீங்க பாத்ததுல அதுதான் நல்ல விசயம். பாதி வாய்ல எந்திரிச்சு உங்களுக்கு லைம் ஜூஸ் கொண்டு வந்திருந்தா நான் யோசிச்சிருப்பேன். அதுக்காக கண்ண மூடிட்டு அங்கயே சேருங்கன்னும் சொல்லல, அந்த ஒரு அக்கா லீவு போட்டா என்ன ஆகும்னு தெரியணுமே. ராத்திரி நர்ஸு, பாத்ரூம்ல புடிச்சுக்க கம்பி, வீல் சேர் போற வாசல் எல்லாத்தையும் பாருங்க. பத்து நாளைக்கு மட்டும் சேத்துக்குவீங்களான்னு ரெண்டு எடத்துலயும் கேளுங்க, சேத்துட்டு நேரம் சொல்லாம மாத்தி மாத்தி போங்க. தம்பி காசு அனுப்பட்டும், நல்ல புள்ளை. ஆனா இனிமே வீடியோ கால்ல லாபியக் காட்ட வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கு போனப் போட்டு அம்மாவோட குதிகாலக் காட்டச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க.