சேனல் ஆரம்பிக்கிறேன் என்கிற பையனும் பி.காம். சீட்டும்

காசிமேட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். பையனுக்குத் தியாகராயா கல்லூரியில் பி.காம். கிடைத்திருக்கிறது. அவனோ "காலேஜெல்லாம் வேணாம், யூடியூப் சேனல் ஆரம்பிக்கிறேன்" என்று நிற்கிறான். கூடவே 80,000 ரூபாய்க்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங், அதாவது ஆன்லைனில் விளம்பரம் செய்து விற்கக் கற்றுத்தரும் கோர்ஸ் கேட்கிறான். சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீங்கம்மா. ஆனால் அவன் உளறுகிறான் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

அவன் கண் வைத்திருக்கிற துறை நிஜமாகவே வளர்கிறது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, ஒரே டிவிக்கு அடித்துக்கொண்ட வீடுகளில் ஆளுக்கொரு போன் ஓடுகிறது. ஜனம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் விளம்பரக் காசு போகும். 2024-ல் இந்திய ஊடக வருமானத்தில் டிஜிட்டல், தொலைக்காட்சியை முந்திவிட்டது என்று தொழில்துறை அமைப்பான ஃபிக்கியும் இஒய் ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதே வருடம் உலகம் முழுக்க யூடியூப் விளம்பரத்தில் மட்டும் 3,600 கோடி டாலருக்கு மேல் வந்திருக்கிறது. சந்தா வாங்கிப் படம் காட்டிய பிரைம் வீடியோவே 2025 ஜூன் முதல் இங்கே நடுநடுவே விளம்பரம் போடுகிறது.

அந்தப் பணம் கேமரா முன் நிற்பவன் கைக்கு வரும் வழிதான் குறுகல். யூடியூப் விளம்பர வருமானம் தொடங்கவே 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் வீடியோ பார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி வியூஸ் தொட வேண்டும். அதன்பிறகு நீள வீடியோவில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனல்காரருக்கு. எல்லா வியூவிலும் விளம்பரம் ஓடாது. விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. நம்மூர் பார்வையாளருக்கு அமெரிக்கப் பார்வையாளர் அளவுக்கு யாரும் ஏலம் கேட்பதில்லை. லட்சம் வியூஸ் வந்ததும் லட்ச ரூபாய் வரும் என்று பையன் நினைத்திருந்தால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

மாதச் சம்பளம் இருப்பது எதிர்ப்பக்கத்தில், விளம்பரம் கொடுப்பவர் பக்கத்தில். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு தினம் 500 ரூபாய் ஆன்லைன் விளம்பரத்துக்கு ஒதுக்குகிறது என்று வையுங்கள். கடையைச் சுற்றி எத்தனை கிலோமீட்டருக்குக் காட்டுவது, எந்த வயதுப் பெண்களுக்கு, காலையிலா ராத்திரியிலா, முதல் 5 விநாடியில் புடவையைக் காட்டுவதா விலையைக் காட்டுவதா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். மறுநாள் எத்தனை பேர் ஸ்கிப் செய்தார்கள், எத்தனை பேர் போன் செய்தார்கள் என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு போன் காலுக்கு 40 ரூபாய் ஆகிறது, அதில் விற்பனையாவது எத்தனை என்று முதலாளியிடம் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த மாதமும் வேலை. இது முழுக்கக் காமர்ஸ் பையன் மூளை. பி.காம். இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. விளம்பர ஏஜென்சிக்கு ஜி.எஸ்.டி. பில் போடத் தெரிந்த ஆளும் வேண்டும். சேனல் நடத்துகிறவருக்குக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் பொருள் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலை முதல் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. இதையெல்லாம் அறியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

எடிட்டிங் பிடிக்குமானால் அதுவும் நல்ல தொழில்தான். ராயபுரம், பெரம்பூர் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஏதாவது ஒன்றில் சனி, ஞாயிறு உட்காரட்டும். பொறுமை இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது அந்த 80,000. கூகுள் விளம்பரத்துக்கான பாடமும் சான்றிதழ் தேர்வும் கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் இலவசம். தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும். சான்றிதழ் ஒரு வருடம் செல்லும். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், அது ஒரு கஷ்டம். ஆங்கிலத்துக்குத் தனியாக டியூஷன் வைத்தாலும் அடகு அளவுக்குச் செலவாகாது. "100 சதவீதம் வேலை உறுதி" என்று நோட்டீஸ் கொடுக்கிற சென்டரிடம் போன வருடம் படித்த இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நான் அந்த மாதிரி நோட்டீஸ்களை நம்புவதில்லை.

சேனலைத் தடுக்க வேண்டாம். கையில் இருக்கிற போனிலேயே எடுக்கட்டும். தவணையில் கேமரா வாங்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அவனுக்கு 18 ஆகவில்லையென்றால் ஆட்சென்ஸ் கணக்கு, அதாவது யூடியூப் பணம் வந்து சேரும் கூகுள் கணக்கு, பெரியவர் பெயரில்தான் தொடங்க முடியும். அதனால் வரவு செலவு உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

முதலில் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுங்கள். அடுத்த முறை பையனையும் எழுத வையுங்கள். அதற்கு முன்னால் தெருவில் ஒரு டிபன் கடைக்கோ தையல் கடைக்கோ ஒரு சின்ன விளம்பரம் செய்து பார்த்து, அந்தக் கணக்கோடு எழுதச் சொல்லுங்கள்.