மென்மையாக வளர்ந்த ஆண் பிள்ளை தேசிய சேவையில் திணறுவானா?

எட்டு வயது மகன் சட்டென்று அழுதுவிடுகிறான் என்றும், "இப்படியே விட்டால் தேசிய சேவையில் என்ன செய்வான்?" என்று அவன் மாமா ஓயாமல் கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி என் காதிலும் பல ஆண்டுகள் விழுந்தது. சிங்கப்பூர் ஆண்களுக்குக் கட்டாயமான அந்தப் படைச் சேவையில்தான் என் மகன் இப்போது இருக்கிறான் என்பதால் துணிந்து பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அவன் அழுததற்காக யாரும் அதட்டியதில்லை. தங்கைக்குத் தலை பின்னிவிடுவான். எனக்கு இரவு வேலை இருக்கும் நாள்களில் ரசம் வைப்பான். "பொம்பளப் பிள்ளை மாதிரி வளர்க்கிறியேம்மா" என்று என் மாமியார் வருந்துவார். கண்டிப்பே இல்லாமல் வளர்த்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அழுகைக்குத் தண்டனை கிடையாது, ஆனால் கோபத்தில் கதவை உதைத்தாலோ தங்கையின் மேல் கை ஓங்கினாலோ நான் விட்டதே இல்லை.

படையில் சேரும் நாள் நெருங்கியபோது அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓரிரவு, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தந்தையிடம் போய், "பயமா இருக்குப்பா" என்றான். என் கணவர் குழாயை மூடிவிட்டு, அடிப்படைப் படைப் பயிற்சி நடக்கும் புலாவ் தேக்கோங் தீவில் தமக்கு முதல் இரவு முழுவதும் தூக்கம் வராததையும், போர்வைக்குள் அழுததையும் அவனிடம் சொன்னார். இத்தனை ஆண்டு மணவாழ்க்கையில் நானே கேட்டிராத கதை அது. அதன் பிறகுதான் அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டான்.

முதல் விடுப்பில் வந்தவன், பக்கத்துக் கட்டில் பையன் இரவில் வீட்டுக்குத் தொலைபேசியில் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதைச் சொன்னான். இவன் அருகில் போய் உட்கார்ந்து தன் பயத்தைச் சொல்ல, அவனும் மெல்ல வாய் திறந்தானாம்; மறுநாள் அவனை மேலதிகாரியிடம் அழைத்துப் போனதும் இவன்தான். பயிற்சியின் முடிவில் வரும் 24 கிலோமீட்டர் நடைப்பயணத்தையும் இருவரும் முடித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 10 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தற்கொலையே முதன்மைக் காரணமாக இருக்கும்போது, வாய் திறக்கத் தெரிந்த பிள்ளையைப் பலவீனன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பெரிய ஆண்களையும் நாம் இப்படித்தான் நடத்துகிறோம். என் மகன் பிறந்தபோது தந்தையருக்கென்று அரசாங்கம் தரும் விடுப்பே கிடையாது. 2013இல்தான் ஒரு வாரம் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நான்கு வாரம் கட்டாயம் என்றான பிறகும், என் தம்பி விண்ணப்பித்தபோது, "பிள்ளை பெற்றது நீயா?" என்று அவன் மேலாளர் கேட்டிருக்கிறார். குழந்தையைத் தூக்கவே ஆணுக்கு இடம் கொடுக்காமல், அவன் மனம் விட்டுப் பேசுவதில்லை என்று குறைப்படுகிறோம்.

உங்கள் கணவர் தேசிய சேவை முடித்தவராக இருந்தால், மாமாவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அதை உங்கள் மகன் காதில் விழும்படி அவர் சொல்லட்டும்.