வால்வு ஆம்ப்பா? முதலில் ஹெட்போனைச் சொல்லுங்கள்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, 'மேசைமேல் வைக்கிற மலிவான வால்வு ஆம்ப்பும் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஹெட்போனுக்குப் போகும் ஒலியைப் பெரிதாக்கும் கருவி) மோசமில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிறைத்துவிட்டன. சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் ஒரு பழுதுபார்ப்புக் கடையில் வால்வு ரேடியோக்களோடு மல்லுக்கட்டியவன் நான். இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கும் நிறுத்தத் தெரியாது.

அங்கிள், என்னிடம் 32 ஓம் ஹெட்போன் இருக்கிறது. பொருட்களை வாங்கி விற்கும் கெரோசல் தளத்தில் டார்க்வாய்ஸ் 336எஸ்இ என்ற வால்வு ஆம்ப் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. அந்த வால்வு மினுங்குவதைப் பார்த்தாலே ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?
— பல்கலைக்கழக மாணவி, ஜூரோங் வெஸ்ட்

அதே ஹெட்போனைத்தான் தொடர்ந்து போடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அம்மா. ஆம்ப்பில் குறையில்லை. ஜோடிப் பொருத்தம்தான் இல்லை. ஓம் என்பது ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு.

336எஸ்இ-யில் இரண்டு வால்வுகள். சின்னதாக நிற்கும் 6எஸ்என்7 சிக்னலைப் பெரிதாக்கும். குண்டாக நிற்கும் 6ஏஎஸ்7ஜி ஹெட்போனை ஓட்டும். அதற்கும் ஹெட்போனுக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. இந்த வகைக்கு ஓடிஎல் என்று பெயர். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் விலை அதிகம். அது இல்லாததால்தான் இந்த ஆம்ப் நம் கைக்கு எட்டுகிறது. ஆனால் வால்வுக்கு வோல்ட் தாராளமாகக் கொடுக்க வரும், கரண்ட் கொடுக்க வராது. 300 ஓம், 600 ஓம் ஹெட்போன்களுக்கு வேண்டியதும் வோல்ட்தான். 32 ஓம் ஹெட்போனோ கரண்ட் கேட்கும். வால்யூம் திருகைக் கூட்டினால் சத்தம் வரும், கூடவே கலங்கலும் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிசி மின்சாரம் ஹெட்போனுக்குள் போய்விடாமல் தடுக்க இந்த வகை ஆம்ப்பின் வாசலில் ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். அதுவும் ஹெட்போனின் ஓமும் சேர்ந்து அடித்தொண்டை ஒலிகளை வெட்டிவிடும். கெப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 ஓம் ஹெட்போனில் அந்த வெட்டு 5 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். மனிதக் காதுக்கே எட்டாத இடம். 32 ஓம் என்றால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். பேஸ் கித்தாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் ஹெட்போனுக்கு ஹைபிரிட் வகைதான் சரி. முன்னால் ஒரு வால்வு, பின்னால் கரண்ட் கொடுக்க டிரான்சிஸ்டர். மினுங்கலும் கிடைக்கும், பேஸும் போகாது. வாங்குமுன் விவரத்தாளில் அவுட்புட் இம்பிடென்ஸ் (ஆம்ப் தன் வாசலில் காட்டும் தடை, ஓமில்) எவ்வளவு என்று பாருங்கள். அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலையில்லை. உங்களுக்கு அது 4 ஓம். அந்த எண்ணை எங்குமே போடாத ஆம்ப்பை நான் வாங்க மாட்டேன்.

என்னிடம் சென்ஹைசர் எச்டி 650 இருக்கிறது. வால்வு ஆம்ப்பில் போட்டால் பாட்டு 'வெதுவெதுப்பாக' இருக்கிறது என்கிறார்கள். இது உண்மையா, மனப்பிரமையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பிடோக்

பாதிக்கு மேல் உண்மை, ஐயா. அதில் வால்வின் பங்கு எல்லாரும் நினைப்பதைவிடக் குறைவு என்பது என் கட்சி.

உங்கள் ஹெட்போன் பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருக்கும். ஆனால் அது எல்லா ஸ்வரத்துக்கும் 300 அல்ல. 100 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் 500 ஓம் அளவுக்கு ஏறிவிடும். ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடென்ஸ் 100 ஓம் என்றால், ஹெட்போனின் ஓம் ஏறுகிற அந்த இடத்தில் மட்டும் சத்தம் கிட்டத்தட்ட ஒரு டெசிபெல் கூடும். ஆண் குரலின் அடிப்பாகமும் மிருதங்கத்தின் தொப்பியும் இருக்கும் இடம் அது. 'வெதுவெதுப்பு' என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் வாயில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தாலும் இது வரும்.

மீதி வால்வுடையது. அது சேர்க்கும் கலப்பில் இரண்டாம் ஹார்மோனிக் தூக்கலாக இருக்கும். அதாவது ச வாசித்தால் மேல் ஸ்தாயி ச நூலளவு ஒட்டிக்கொண்டு வரும். அபஸ்வரம் இல்லை என்பதால் காது அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய மோனோ ஒலிப்பதிவுகளில், நாகசுரத்தின் கூர்மை காதைக் குத்தும் இடங்களில், எனக்கு இது பிடிக்கும். இன்றைய பாட்டுகளில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

உங்கள் ஹெட்போனும் ஓடிஎல் வால்வு ஆம்ப்பும் நல்ல ஜோடி. கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்ஃபி கட்டடத்து ஹைஃபை கடைகளுக்கு உங்கள் ஹெட்போனையே எடுத்துப் போய்க் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கடையிலிருக்கும் ஹெட்போனில் கேட்பது உதவாது.

புது ஓடிஎல் ஆம்ப். கம்ப்யூட்டரில் இணைத்தால் 'ம்ம்ம்' என்று முனகுகிறது. பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார்.
— வாசகர், தோ பாயோ

அந்த நண்பரிடம் இனி மின்சாரம் பற்றிக் கேட்காதீர்கள். ஆம்ப்புக்குள் 100 வோல்ட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, மேல்பாகமோ உலோகம். உள்ளே ஏதாவது கழன்று உடம்பைத் தொட்டால், மின்சாரம் எர்த் கம்பி வழியாகப் போவதும் மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் வீட்டு ஆர்சிசிபி சுவிட்ச் விழுவதும்தான் உங்களைக் காப்பாற்றும். எர்த்தைக் கழற்றினால் அந்த வழி உங்கள் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனாகிவிடும்.

முனகலை இப்படித் தேடுங்கள். ஆம்ப்பின் பின்னால் ஒலியைக் கொண்டுவரும் ஆர்சிஏ கம்பிகள் இரண்டையும் உருவிவிட்டு, திருகைக் குறைத்து வைத்து, ஹெட்போனில் கேளுங்கள். முனகல் போய்விட்டதா? குற்றம் ஆம்ப்பில் இல்லை. கம்ப்யூட்டரின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் கம்பி வழியாக வட்டமடிக்கின்றன. இரண்டையும் சுவரில் ஒரே சாக்கெட்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கம்ப்யூட்டரிலிருந்து டாக் (DAC, டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) வரைக்கும் யுஎஸ்பிக்குப் பதிலாக ஆப்டிக்கல் கம்பி போடுங்கள். அதில் செம்பே இல்லாததால் வட்டம் அறுந்துவிடும்.

கம்பியை உருவிய பிறகும் முனகுகிறது என்றால் கைபேசியை வால்வுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துப் பாருங்கள், வைஃபை ரவுட்டரையும்தான். பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டுங்கள். லேசாக 'டிங்' கேட்பது இயல்பு. மணி அடித்தது போல் நீண்டு ஒலித்தால் அந்த வால்வு மைக்ரோபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையெல்லாம் ஒலியாக்குகிறது, மாற்றத்தான் வேண்டும். காதுக்குள் செருகும் இயர்போனில் கேட்டுவிட்டு முனகுகிறது என்று சொல்கிறீர்களா? அதன் கூருணர்வுக்கு எந்த ஓடிஎல் ஆம்ப்பும் முனகத்தான் செய்யும்.

திருகைக் கொஞ்சமாகத் திறந்தால் இடது காதில் மட்டும் சத்தம். கூட்டினால் சரியாகிவிடுகிறது.
— வாசகி, செங்காங்

மலிவான வால்யூம் திருகுகளின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. கம்ப்யூட்டரில் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஆம்ப் திருகை கடிகாரத்தின் 10 மணி நிலைக்கு மேல் வைத்துக் கேளுங்கள். செலவில்லாத வைத்தியம்.

வால்வை மாற்றினால் ஒலி அடியோடு மாறுமாமே? எதை வாங்கலாம்?
— மூன்று வாசகர்கள், வெவ்வேறு வார்த்தைகளில்

அடியோடெல்லாம் மாறாது. அதுவும், ஆம்ப்பின் விலையைத் தாண்டிய வால்வை அதே ஆம்ப்பில் செருகுவது எனக்கு ஒப்பாத காரியம். அந்தப் பணத்தை ஹெட்போனில் போட்டால் வித்தியாசம் பக்கத்து அறைக்கே தெரியும். ஆனாலும் அவசரத்துக்கு ஒரு மாற்று வால்வு வீட்டில் இருப்பது நல்லது.

பெயரைப் பார்த்து வாங்குங்கள். 6ஏஎஸ்7ஜிக்குப் பதிலாக 6080 போடலாம். உறுதியான கட்டுமானம், விலையும் அநேகமாகக் குறைவு. ஒன்பது பின் வால்வு போடும் ஆம்ப்புகளில் 6டிஜே8, இசிசி88 இரண்டும் ஒன்றே. ஆனால் பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 12ஏஎக்ஸ்7க்கும் ஒன்பது பின்தான், அதே சாக்கெட்டில் உட்காரும், வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் இணைப்போ வேறு. ரஷ்ய 6என்1பி இன்னொரு கண்ணி: அதன் ஹீட்டர் 600 மில்லியாம்ப் இழுக்கும், 6டிஜே8க்கு 365 போதும். அந்தப் பாரத்தை உங்கள் ஆம்ப் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

பழைய வால்வு வாங்கும்போது கண்ணாடிக்குள் வெள்ளிப்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, பணம் கொடுக்காதீர்கள். 6எஸ்என்7 போன்ற எட்டு பின் வால்வுகளில் அடிக்கட்டையின் நடுவே ஒரு தண்டும் அதில் ஒரு மேடும் இருக்கும். சாக்கெட்டில் சரியான திசையில் உட்கார வைப்பது அதுதான். பழையவற்றில் அது உடைந்திருக்கும். அப்படி ஒன்றைத் தடவிப் பார்த்துச் செருகினால் எந்தப் பின் எந்த ஓட்டையில் போகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கழற்றும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, ஆற விடுங்கள். கண்ணாடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடிக்கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டி ஆட்டி எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பின்கள் கறுத்துப்போகும். கரகரப்புக்குப் பாதி நேரம் அதுதான் காரணம், வால்வு அல்ல. சிம் லிம் டவரில் கான்டாக்ட் கிளீனர் ஒரு புட்டி வாங்கிப் பின்களைத் துடைத்துவிட்டு, அதன் பிறகு புது வால்வைப் பற்றி யோசியுங்கள்.

நாள் முழுக்க ஓட விடலாமா? மின்கட்டணம் எகிறுமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

6எஸ்என்7, 6ஏஎஸ்7ஜி ஹீட்டர்கள் மட்டுமே 20 வாட் வாங்கும். மொத்தம் 40 வாட் என்றே வைப்போம். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் மாதம் நான்கு யூனிட்டுக்குள். சுமார் ஒரு சிங்கப்பூர் வெள்ளி. கட்டணம் பிரச்சினையில்லை. ஆளில்லாத அறையில் அந்தக் குண்டு வால்வு தொட்டால் சுடுகிற சூட்டில் நிற்பதுதான் பிரச்சினை. கேட்காத நேரத்தில் அணைத்துவிடுங்கள். போட்டதும் ஒரு நிமிடம் பொறுத்து, திருகைக் குறைத்து வைத்து, அப்புறம் ஹெட்போனைச் செருகுங்கள்.

ஜப்பானிலிருந்து அண்ணன் ஒரு வால்வு ஆம்ப் வாங்கி வருகிறார். பிளக் அடாப்டர் போதுமா?
— வாசகி, பொங்கோல்

போதாது. அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் முதல் நாளே புகை. பின்பக்கம் 100, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் 230-லிருந்து 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்; ஆம்ப்பின் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். முடி உலர்த்திக்கு விற்கும் இலேசான பயண கன்வெர்ட்டர் ஆகாது. அண்ணன் இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால், 230 வோல்ட் மாடல் வேண்டுமென்று இன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.