கொள்கலனில் எதை அனுப்புவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2009இல் இலங்கையின் வடக்கே வன்னிப் போர் முடிந்தபோது நான் தொடக்கப்பள்ளி மாணவி. அண்மையில் வவுனியா போய்வந்த தோழி, சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்றாள். துணிமணி, போர்வை, பொம்மை எல்லாம் திரட்டிக் கொள்கலனில் அனுப்ப எங்கள் புளோக்கில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறோம். “சொந்த நாட்டில்தானே இருக்கிறார்கள், அவர்கள் அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?” என்று அப்பா கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். எல்லை தாண்டியவருக்கு 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை உண்டு. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவருக்கு அப்படி உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை கிடையாது. 1998இல் ஐ.நா. வகுத்த வழிகாட்டிக் கோட்பாடுகளும் முதல் பொறுப்பை அந்தந்த அரசிடமே விடுகின்றன. காணியைப் பிடித்து வைத்திருப்பதே ராணுவம் என்றால் மனுவை யாரிடம் நீட்டுவது? யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அது ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் மக்கள் கைக்கு வந்தது 2017 ஜூலையில். அதே 1990இன் அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினார்கள். நம் ஆட்கள் கூடிப் பேசும் இடங்களில் இவர்கள் பேச்சு எழுவதே அபூர்வம். உங்கள் பட்டியலில் அவர்களும் இருக்கட்டும்.

துணி அனுப்ப வேண்டாம். துறைமுகச் செலவும் தரம் பிரிக்கும் வேலையும் அங்குள்ளவர் தலையில் விழும். 2009இல் வவுனியாவின் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தறப்பாள் கொட்டில்களில் அடைபட்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தவை தண்ணீர், கழிப்பறை, எல்லாவற்றுக்கும் மேலாக வெளியே போக அனுமதி. விருப்பப்படி போய்வர அந்த டிசம்பர் வரை விடவில்லை.

2012 செப்டம்பரில் முகாமை மூடினார்கள். கடைசியாக ஏற்றப்பட்ட, முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் சீனியாமோட்டை. அவர்களுடைய ஊரில் ராணுவம் இருந்தது. முகாம் மூடியதும் உதவுபவர்களும் கலைந்துவிடுகிறார்கள், செலவு தொடங்குவதே அப்போதுதான்.

திரும்பக் கிடைத்த காணி எப்படி இருக்கும் தெரியுமா? கூரை ஓடுகளும் கதவு நிலையும் போயிருக்கும், வீட்டுக்குள் மரம் முளைத்திருக்கும், எல்லை எதுவென்று அடையாளம் தெரியாது. பற்றை வெட்டி முடித்தால் அடுத்து கிணறு. உள்ளே விழுந்து கிடக்கிற கல்லையும் கம்பியையும் எடுத்து, சேற்றை அள்ளி, இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைக்க வேண்டும். பம்பு வாடகை, டீசல், ஆட்கூலி. இதையெல்லாம் கொள்கலனில் ஏற்ற முடியுமா? பணமாகத்தான் போக வேண்டும், அதுவும் அந்தக் குடும்பத்தின் கைக்கு.

காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இன்னொரு தலைவலி. ஓட்டத்தில் தொலைந்திருக்கும், அல்லது தாத்தா பெயரில் இருக்கும், வாரிசுகள் பாரிஸிலும் டொராண்டோவிலும் இருப்பார்கள். கணவர் காணாமற்போன பெண்ணின் நிலை இன்னும் மோசம். மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் காணியைத் தன் பெயருக்கு மாற்றலாம் என்பார்கள். கணவர் செத்துவிட்டார் என்று அந்தப் பெண் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அப்படிப்பட்டவர்களுக்காக 2016இல் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழுக்குச் சட்டம் இடம் தந்தது. ஆனாலும் அலைச்சல் அலைச்சல்தான். ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தை உங்கள் புளோக் ஏற்றுக்கொண்டால் நூறு போர்வையைவிட அது பெரிய காரியம்.

வாட்ஸ்அப் குழுவில் யாராவது பணம் அனுப்புவதற்கான பேநவ் எண்ணைப் போடுவதற்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டுவதில் 80 விழுக்காட்டை உள்ளூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. விலக்கு கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்த துணிகளை இங்குள்ள சால்வேஷன் ஆர்மியிடம் கொடுத்துவிடலாம்.

தோழிக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தோடு பேசுங்கள், என்ன தேவை என்று அவர்கள் வாயாலேயே வரட்டும். கிணறு என்று சொன்னால் நாள் கடத்தாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போதுதான் அடிவரை இறைக்க முடியும், ஐப்பசியில் மாரி பிடித்துவிடும்.