டிஎஸ்எச் தாழ்வு, ஆனால் உடம்பு குளிர்கிறது: பெக்ஸரோட்டீன்

அப்பாவின் தோல் லிம்ஃபோமாவுக்கு (தோலில் வரும் ஒருவகை ரத்த அணுப் புற்றுநோய்) பெக்ஸரோட்டீன் 75 மி.கி. தினம் 2 கேப்சூல்; டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) 0.1 வந்திருக்கிறது, தைராய்டு மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள். வழக்கமாக டிஎஸ்எச் தாழ்ந்தால் மாத்திரை அதிகம் என்று பொருள்; ஆனால் பெக்ஸரோட்டீன், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலேயே டிஎஸ்எச் சுரப்பை அடக்கிவிடும். அதனால் அந்த எண்ணை வைத்து டோஸ் முடிவு செய்தால் தப்பாகத்தான் போகும். ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) பாருங்கள். சோர்வு, குளிர், மலச்சிக்கல் எல்லாம் சொல்வதைப் பார்த்தால் அது இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் மாத்திரையைக் கூட்ட வேண்டிவரும். ரிப்போர்ட்டை, பெக்ஸரோட்டீன் எழுதிய டாக்டரிடமே காட்டுங்கள்.

கூடவே ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), வெறும் வயிற்றில் பாருங்கள்; பெக்ஸரோட்டீன் அதை ஏற்றும். ஏறியிருந்தால் பெரும்பாலும் அதைக் குறைக்க ஃபீனோஃபைப்ரேட் தருவார்கள். அதே வகை மருந்தான ஜெம்ஃபைப்ரோசில் மட்டும் கூடாது. ரத்தத்தில் பெக்ஸரோட்டீன் அளவையே ஏற்றிவிடும். மேல்வயிற்றில் பிடித்து முதுகுவரை பாயும் வலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிதான். கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்கச் சொல்லுங்கள்.